வித்தை இருக்கும் இடம்

தோணிகள் வந்து ஒதுங்கும் துறை என்பதைத் தன் பெயரிலேயே சொல்லிவிடுகிற ஊர் தோணிரேவு. பழவேற்காட்டு ஏரியை அண்டிய மீனவர் குப்பங்களுள் ஒன்றான அவ்வூரில், ஒரு நாள் பிற்பகலில், கடைக்கால் முடிந்து பேஸ்மட்டம் மட்டும் எழும்பியிருந்த ஒரு சிறு வீட்டின் எதிரே, கரையேற்றிக் கவிழ்த்திருந்த படகொன்றின் நிழலில் அமர்ந்து, இருவர் மட்டம் பார்ப்பதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருப்பது வெளியே தெரியும் நீண்ட டியூபில் தண்ணீரை நிரப்பி, அதன் ஒரு நுனியைக் கொத்தனார் ஒரு மூலையில் பிடித்திருக்க, மறு நுனியை ஓர் இளைஞன் எதிர்மூலைக்குக் கொண்டு போனான். “வந்துச்சா?” என்று இவர் கேட்பதும், “இன்னும் ஆடுது, இருங்கண்ணே” என்று அவன் சொல்வதும், தண்ணீர் அடங்கியபின் இருவரும் ஒரே கணத்தில் கோடு போடுவதுமாக வேலை நடந்தது. இந்த நுனியைப் பிடித்தவருக்குத் தனியே மட்டம் தெரியாது. அந்த நுனியைப் பிடித்தவனுக்கும் தெரியாது. இருவருக்கும் இடையே மணலில் வளைந்து நெளிந்து கிடந்த அந்த நீர் அசைவு ஒழிந்து நின்றபோதுதான் மட்டம் என்ற ஒன்று அங்கே உண்டாயிற்று. வித்தை என்பது யாரிடத்தில் இருக்கிறது என்ற பழைய கேள்வி, சாஸ்திரங்களைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஏதோ ஆகாயத்தில் நிற்பதாகத் தோன்றியது, அன்று தரைக்கு இறங்கி வந்தது.

ஒரு கட்டடம் எழும்பும் இடத்தில் கூடுகிற மனிதர்களைப் போல, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதவராய் அமைந்த கூட்டம் வேறெங்கும் காண்பது அரிது. உப்புக் காற்று வீசும் கரையில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, தன்னைப் போர்த்திக் காக்கும் காரையையே வெடிக்கச் செய்துவிடும் என்பதும், அதனால்தான் கடற்கரைக் கம்பிக் கட்டுமானத்துக்குக் குறைந்தது எம்30 என்ற உறுதியுள்ள கலவை வேண்டுமென்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நூல் விதிக்கிறது என்பதும் என்ஜினீயருக்குத் தெரியும். ஆனால், அந்தத் தெருவின் எந்தக் கிணறு எந்த மாதத்தில் கரிக்கத் தொடங்கும் என்பது அங்கே நாள்தோறும் நீர் இறைக்கும் பெண்ணுக்கே தெரியும். எந்தச் சட்டிக் கலவையில் தண்ணீர் கூடிப்போயிற்று என்பதை அதைத் தலையில் சுமந்த சித்தாள் அறிவாள். காகிதத்தில் வரைந்தவர் அறியமாட்டார். இவர்கள் அறிந்தவை ஒன்றோடொன்று சேராமற் போனால், நூலறிவு பழுதற்றதாயினும், அனுபவ அறிவு பழுதற்றதாயினும், சுவர் வெடிக்கும்.

அறிந்ததைச் சொல்லாதிருப்பவரைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்காமலில்லை. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகளைக் கூறியிருக்கிறார். இட்ட முறையை விட்டு எப்படியோ உருண்டு வெளிவரும் கழற்காய்களை நிரப்பிய குடம் ஒன்று. அடைப்பதும் அரிதாய் எடுப்பதும் அரிதாய் இருக்கும் பருத்திக் குண்டிகை ஒன்று. ஒருவர் நீர் வார்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து வேறொருவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு ஒன்று. இவை மூன்றையும்விட என் மனத்தில் தைத்தது மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ நின்று, தன்னை அணுகி ஏறுவோருக்கு இடங்கொடாமல், தானாக விழும் பழத்தை மட்டும் தருகிற மரம் அது. நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து சில அடி தூரத்தில், திண்ணையில் இரண்டு பெண்கள் பனையோலையைக் கிழித்துச் சாயமேற்றிய இழைகளோடு கலந்து கூடை முடைந்துகொண்டிருந்தார்கள். பழவேற்காட்டுப் பகுதியின் ஓலைப் பின்னல் வெளியூர்களிலும் அறியப்பட்ட கைத்தொழில். மூத்தவள் வாய் திறந்து ஒன்றும் கற்பிக்கவில்லை. இளையவள் பின்னலில் ஓரிழை தவறியபோது, தன் வேலையை நிறுத்தி, அவள் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்து ஒரு மடிப்பை மடித்துக் காட்டிவிட்டுத் தன் கூடைக்குத் திரும்பினாள். மடற்பனையின் ஓலையை வைத்துக்கொண்டே மடற்பனைக்கு நேர் எதிரான ஒரு போதனை அங்கே நடந்தது.

அறிவை மூடிவைத்தல் வெறும் குணக்கேடு மட்டுமா, அல்லது அது பாவமா? ஜைன சமயத்தின் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி இதற்குத் திட்டமான விடை தருகிறார். ஆன்மாவின் ஞானத்தை மறைக்கும் கர்மம் எவ்வெவற்றால் வந்து ஒட்டுகிறது என்று எண்ணிக் கூறுமிடத்தில், அறிந்ததை அறியேன் என்று ஒளிப்பதையும், தகுந்தவர் கேட்டும் பொறாமையினால் சொல்லாதிருப்பதையும், பிறர் கற்பதற்கு இடையூறு செய்வதையும் அவர் சேர்த்திருக்கிறார். பிறருக்கு மறைத்தவனுடைய அறிவே மறைந்துபோகும் என்ற இந்தக் கொள்கையின் நுட்பம் வியக்கத்தக்கது. தண்டனையை வெளியிலிருந்து ஒரு தெய்வம் விதிப்பதில்லை, செயலே தண்டனையாக முதிர்கிறது. புத்தர் பெருமானும் தம் இறுதி நாட்களில், ஆசிரியன் இறுக மூடி வைத்துக்கொள்ளும் முஷ்டி தம்மிடத்தில் இல்லை என்று ஆனந்தருக்குச் சொன்னதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன.

எனினும் இவையெல்லாம் வித்தையை ஒருவன் கையில் இருக்கும் பொருளாகவே பாவிக்கின்றன. கையைத் திறப்பதா மூடுவதா என்பதே அங்கே பேச்சு. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி இதைக் கடந்து வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது. எழுத்துகள் புணரும் இலக்கணத்தைக் கொண்டே உலகத்தை விளக்க முற்படும் அப்பகுதியில், ஆசாரியன் முன்னிற்கும் எழுத்தாகவும், மாணாக்கன் பின்வரும் எழுத்தாகவும், வித்தை அவ்விரண்டும் கூடுகிற சந்தியாகவும், சொல்லிக்கொடுத்தல் அச்சந்தியைப் பொருத்துகிற செயலாகவும் கூறப்படுகின்றன. அதாவது வித்தை குருவினிடத்திலும் இல்லை, சிஷ்யனிடத்திலும் இல்லை, பொருத்தில் இருக்கிறது. கட்டட வேலையை ஒருமுறையேனும் கிட்ட நின்று பார்த்தவருக்கு இது கவிதையாகத் தோன்றாது. செங்கல் உடைந்து விழுந்த சுவரைவிட, செங்கல்லும் காரையும் பிரிந்து விழுந்த சுவரே உலகில் அதிகம்.

அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து ஹயாட் ரீஜென்ஸி ஹோட்டலில், 1981-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, கூடத்தின் குறுக்கே அந்தரத்தில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இற்று விழுந்து 114 பேர் மாண்டார்கள். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட இரும்புத் தண்டு மேல்பாலத்தையும் கீழ்ப்பாலத்தையும் தனித்தனியே தாங்கவேண்டுமென்பது முதல் வரைபடம். அவ்வளவு நீளத் தண்டுக்கு மரை வெட்டுவது சிரமமென்று, இரும்புப் பட்டறையார் அதை இரண்டு துண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்தின் உத்திரத்திலேயே தொங்கவிடும்படி மாற்றினார்கள். பார்வைக்கு அற்பமான இந்த மாற்றத்தினால் மேல்பாலத்தின் பொருத்து தாங்கவேண்டிய சுமை இரட்டிப்பாயிற்று. பட்டறையார் என்ஜினீயர்கள் கணக்கிட்டிருப்பார்கள் என்று இருந்தார்கள்; என்ஜினீயர்களோ பட்டறையார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒப்பமிட்டார்கள். இரும்பின் பொருத்து முறிவதற்கு வெகு நாள் முன்பாகவே மனிதரின் பொருத்து முறிந்திருந்தது. அக்கணக்கு ஒரு மாணவன் கால்மணி நேரத்தில் போடக்கூடியது. அறிவு இல்லாமையால் அந்த 114 பேர் சாகவில்லை.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் இருப்பதைப் பற்றி நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. கேட்பவனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது ‘நாங்கள்’. அவனையும் உள்ளே அழைத்துக்கொண்டு சொல்வது ‘நாம்’. ஒரு பணி பழுதுபட்டபின் விசாரித்துப் பாருங்கள். நாங்கள் வரைந்தபடி அவர்கள் கட்டவில்லை என்பார் ஒருவர். நாங்கள் கொடுத்த வரைபடத்தைத்தான் கட்டினோம் என்பார் மற்றொருவர். நாம் என்ற சொல் அந்த இடத்தில் ஒருமுறைகூட உச்சரிக்கப்பட்டிராது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையோரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. உதவியவர்களின் கருணையை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் நாகப்பட்டினக் கரையில் சில ஊர்களில், குடியிருக்கப் போகிறவர்களைக் கேளாமல், நிழல் மரங்களை வெட்டி நிலத்தைச் சமனாக்கி, வரிசை வரிசையாகத் தட்டைக் கூரை வீடுகளைக் கட்டிக் கொடுத்ததனால், வலை பின்னவும் மீன் உலர்த்தவும் பகலில் தலை சாய்க்கவும் இடமின்றி ஜனங்கள் வருந்தினார்கள். தென்னையும் வேம்பும் எந்தப் பக்கம் நின்றால் வெயில் படாது என்பதை அவ்வூர்க் கிழவிகள் அறிந்திருந்தார்கள். அவர்களைக் கேட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, ஆகவே அனைவரும் அறிந்ததைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று உபதேசித்துவிட்டுப் போவது எளிது. என் மனச்சாட்சி அதற்கு இடங்கொடுக்கவில்லை. காரணம் கல்லணை.

காவிரியின் மணலில் கரிகாலன் கட்டியதாக நாம் வழிவழியாகக் கூறும் அந்த அணையை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், அடி காணமுடியாத மணலில் அஸ்திவாரம் இடுவது எவ்வாறு என்ற பாடத்தை அதனிடம் கற்றார். பெருங்கற்களை மணலில் இட்டு, அவை தாமே அமிழ்ந்து, இனி அமிழாத நிலை வரும்வரையில் மேன்மேலும் கற்களை அடுக்கிச் செல்வது அந்த முறை.  நம்மவர் மணலையே பாறையாக்கியிருந்தார்கள். அப்பாடத்தைக் கொண்டு 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கேயும், 1847 முதல் 1852 வரை தௌலேஸ்வரத்தில் கோதாவரியின் குறுக்கேயும் காட்டன் கட்டிய அணைகள் லட்சக்கணக்கான மக்களுக்குச் சோறு போட்டன. தாம் யாரிடம் கற்றோம் என்பதை அவர் மறைக்காமல் எழுதியும் வைத்தார். அது அவருடைய பெருமை. 1861-இல் அவருக்கு ஸர் பட்டம் வந்தது. ஆனால் மணலில் கல்லை முதலில் இட்டவன் பெயர் என்ன? தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் அவர்கள் குடியிருந்த வீட்டையும் கல்லில் வெட்டச் செய்த ராஜராஜன், குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் முதலியோரின் பெயர்களையும் கல்லில் ஏறவிட்டான். அது ஓர் அபூர்வமான நிகழ்ச்சி. பெரும்பாலும் அறிவு கைமாறும்போது, கொடுத்த கை மறைந்து, வாங்கிய கையே சரித்திரத்தில் நிற்கிறது.

பழவேற்காட்டு மீனவரிடம் போய், நீ அறிந்ததை ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் என்று கேட்பதற்கு முன் இதை நினைக்கவேண்டும். அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் முதலிய ஊர்களின் தலைக்கட்டுகள், இறால் வரும் நல்ல நீர்ப்பரப்புகளைத் தமக்குள் முறைவைத்துக்கொண்டு, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னார் சுத்து வலை கட்டுவது என்று வகுத்துக்கொள்கிறார்கள். பாடு என்றால் பங்கு. பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி அதை அறிந்தே செய்ததோ என்று எனக்கு ஓர் எண்ணம். முறை சுழல்வதனால் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு துறையின் ஆழத்தையும் ஓட்டத்தையும் கற்கிறது. அறிவும் பாட்டோடு சேர்ந்து சுழல்கிறது. அதே ஏற்பாட்டுக்கு வெளியே, வலைமுறை இல்லாமல், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் முதலியோர் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அவர்களுடைய விரல்கள் சேற்றைப் பற்றி அறிந்தது எந்தப் பாட்டிலும் சேர்வதில்லை. அங்கேயும் ஒரு ‘நாங்கள்’ இருக்கிறது.

அறிவு கொடுக்கக் குறையாது என்று சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். இலக்கணத்துக்கும் வேதாந்தத்துக்கும் அது பொருந்தும். இறால் எந்த மடுவில் கூடும் என்ற அறிவோ, சொன்ன மறுநாளே இறாலைக் குறைத்துவிடும். பூச்சு வேலையில் ஒரு கொத்தனாருக்கு மட்டும் கைவந்த பக்குவம் ஊரெல்லாம் பரவினால், அவருடைய கூலி குறையும். அவர் மகளின் பள்ளிக் கட்டணம் நிற்கும். ஆகையால் ஏழையின் மௌனத்தைப் பொறாமை என்று பெயரிட்டு, உமாஸ்வாதியின் பட்டியலில் அவனைச் சேர்த்துவிட நான் துணியமாட்டேன். திருக்கோஷ்டியூரில், சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறி, மந்திரார்த்தத்தை ஊரறியச் சொன்ன உடையவர் ராமானுஜரின் கருணைக்கு ஈடில்லை. ஆயின் அவர் பணயம் வைத்தது தம் ஒருவருடைய கதியை. குடும்பஸ்தன் பணயம் வைப்பது தன்னுடையதை மட்டுமன்று.

மாமல்லபுரத்தில் 1957-இல் அரசினர் சிற்பக் கல்லூரி தொடங்கியபோது, தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த சிற்ப சாஸ்திரம், வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில், வகுப்பறைக்கு வந்தது. கையிலிருந்ததைத் திறந்த ஸ்தபதிக்கு அங்கே ஆசிரியர் என்ற ஸ்தானமும் ஜீவனமும் இருந்தன என்பதை இவ்விடத்தில் கவனிக்கிறேன். திறந்த முஷ்டியில் ஏதோ வைக்கப்பட்டது.

இந்தச் சிந்தனையோடுதான் மீண்டும் தைத்திரீயத்துக்குத் திரும்பினேன். அதன் இரண்டாம் வல்லியின் முகப்பில், குருவும் சிஷ்யனும் சேர்ந்து ஓதுகிற சாந்தி பாடத்தைச் சிறுவயதில் பொருள் அறியாமல் ஒப்பித்திருக்கிறேன். வடமொழியில் இருவரை மட்டும் குறிக்கும் எண் ஒன்று உண்டு. அப்பிரார்த்தனை முழுவதும் அந்த இருமையில் அமைந்தது. தமிழில் அதைச் சொல்வதானால் ‘நாம் இருவரும்’ என்றுதான் சொல்லவேண்டும்; ‘நாங்கள்’ பொருந்தாது. அதன் வரிசையை நான் அதுவரையில் கவனித்ததில்லை. முதலில் வேண்டப்படுவது இருவருக்கும் காப்பு. அடுத்தது இருவருக்கும் ஊட்டம். அதற்கடுத்தது சேர்ந்து பாடுபடுதல். இவ்வளவும் ஆனபிறகே கற்றது ஒளிபெறவேண்டுமென்ற விண்ணப்பம் வருகிறது. முடிவில், இருவரும் ஒருவரையொருவர் வெறுக்காதிருக்கவேண்டுமென்பது. கல்வியை நான்காம் இடத்தில் வைத்த அந்த ரிஷி, வயிறு காய்ந்தவனிடத்தில் வித்தை வேண்டி நிற்பவன் திருடனுக்குச் சமானம் என்று அறிந்திருந்தார் போலும். குருவும் சிஷ்யனும் ஒன்றாக உண்ணாத இடத்தில் சந்தி ஏற்படாது. பகையை அவர் கடைசியில் வைத்ததும் காரணமின்றி அன்று. கூடிச் செய்த வேலையின் பயனைப் பங்கிடும்போதுதான் அது தலைகாட்டுகிறது.

கூடிச் செய்யவேண்டிய வேலை என்றதும், ஏரியின் கடல் முகத்துவாரத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. மணல் மூடி ஏரிக்கும் கடலுக்கும் இடையே வழி அடைபடும்போதெல்லாம் பழவேற்காட்டு மக்களின் ஜீவனம் அடைபடுகிறது. நிரந்தரமாகத் திறந்திருக்கத் தூண்டில் வளைவு வேண்டுமென்று அவர்கள் பல்லாண்டாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். தெற்கேயிருந்து ஓடும் ‘தெண்டி’யும் வடக்கேயிருந்து ஓடும் ‘வன்னி’யும் எந்தக் காற்றில் எப்படி மணலைச் சுமந்து போகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கடலில் நீட்டிய சுவர் மணலின் போக்கைத் தடுத்தால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் நம் கண்முன் உள்ளன. கணக்கறிந்தவரும் ஓட்டமறிந்தவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசுவதற்கு இதைவிடத் தக்க வேலை எது?

தோணிரேவில் அன்று பொழுது சாயும் வேளையில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் அந்தப் பேஸ்மட்டத்தின் அருகே நின்றார்.

“மேஸ்திரி, மழைக்காலத்துல ஏரித் தண்ணி இவ்வளவு தூரம் வரும். இன்னும் ரெண்டு வரி ஏத்திக்கோ.”

கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “ஏத்தலாம் தாத்தா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கல்லுக்கும் சிமெண்டுக்கும் யாரு துட்டு குடுக்கிறது? பேசின கூலியிலே இது இல்லியே.”

வீட்டுக்காரப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஓலை நாரும் சாயமும் அவள் விரல்களில் ஒட்டியிருந்தன. எவ்வளவு ஏற்றவேண்டும், எத்தனை கல் ஆகும் என்று முதலில் தெரிந்தால்தான் தன்னால் ஆகுமா ஆகாதா என்று சொல்லமுடியும் என்றாள். வேலைக்கு ஒரு நாள் கூடினால் அந்தக் கூலியையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்றாள். கொத்தனார் சற்று யோசித்து, மறுபடியும் டியூபை எடுத்தார். இம்முறை மறுநுனியை முதியவரே வாங்கிக்கொண்டு, முன்னொரு மழையில் நீர் ஏறிநின்ற இடத்தைக் காட்டுவதற்காகத் தெருமுனைப் பனைமரத்தை நோக்கி நடந்தார். டியூப் மணலில் இழுபட்டுக்கொண்டே போயிற்று.

“வந்துச்சா தாத்தா?”

“ஆடுது. இரு.”